முதல் பலகையில் எழுந்து நின்றவர்

நடுவர் பயிற்சி வகுப்பில் வந்து பேசுங்கள் என்று கேட்டீர்கள். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதும்போதும் வருகிறது, ஆனால் அடித்துத் திருத்த வழியிருக்கிறது.

விதிப்புத்தகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாகப் படித்து, தேர்வும் எழுதி, சட்டைப் பையில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நாங்கள் அந்தக் காலத்தில் பனியன் தெரியும் வெள்ளைச் சட்டையோடு வந்தவர்கள். சென்ற மாதம் திருவாரூரில் நீங்கள் நடத்திய போட்டிக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவன் யாரென்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதுதான். அன்று அங்கே கண்ட ஒரு காட்சிதான் இதை எழுத வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய ஆட்டத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மெட்ராஸ்காரர். பெயர் வேண்டாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இருக்கிறார்கள். விதி என்றால் அவர்தான். கும்பகோணத்தில் ஒரு போட்டி, கல்யாண மண்டபத்தில் சாயங்கால ஆட்டம். திடீரென்று கரண்டு போனது. எல்லோரும் மெழுகுவத்தி தேடி ஓட, அவர் மட்டும் நின்ற இடத்திலிருந்தே கத்தினார்: "கடிகாரத்தை நிறுத்துங்க! எல்லா பலகையிலயும் நிறுத்துங்க!"

அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆட்டக்காரன் தப்பு இல்லாம போற நேரம் அவன் கணக்குல வராதுய்யா. முதல்ல கடிகாரத்தை நிறுத்து. அப்புறம் யோசி. கூரை இடிஞ்சு விழுந்தாலும் சரி, உன் கண்ணு கொடி மேலயே இருக்கணும்."

நீங்கள் எண்கள் ஓடும் கடிகாரத்தில் பழகியவர்கள், உங்களுக்குக் கொடி என்றால் புரியாது. எங்கள் கடிகாரத்தில் ஆளுக்கொரு முகம், அவரவர் முறை வரும்போது மட்டும் ஓடும்; அதில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னத் தகடு தொங்கும். அதுதான் கொடி. நேரம் முடியும் தறுவாயில் நிமிட முள் வந்து அதை மெதுவாகத் தூக்கும். முள் தாண்டியதும் கொடி விழும். நாற்பது நகர்த்தலை முடிக்காமல் கொடி விழுந்தால் ஆட்டம் போச்சு, எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் போச்சு.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். தஞ்சாவூரில் முதன்முதலாக வெளிநாட்டுக் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் வந்து ஆடிய போட்டி அது. மெட்ராஸ்காரர் தலைமை நடுவர், நான் துணை நடுவர். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விடுமுறை போட்டுவிட்டு இந்தப் பைத்தியக்கார வேலைக்கு அலைவேன்.

அந்தப் போட்டியில் முதல் பலகையில் கிராண்ட்மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தது பக்கிரிசாமி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம், குத்தகைக்கு உழுகிற குடும்பம். பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சைக்கிள் கடை வாசலில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர். ஒரு வங்கி அதிகாரி அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "கிராண்ட்மாஸ்டர்கிட்ட அரைப் புள்ளி எடுத்துடு தம்பி. விளையாட்டு ஒதுக்கீட்டுல உன்னை எங்க வங்கியில எடுத்துக்கறது என் பொறுப்பு." அரைப் புள்ளி என்றால் டிரா. ஜெயிக்கக்கூட வேண்டாம், தோற்காமல் இருந்தால் போதும்.

அந்த வேலை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது ஜில்லா முழுக்க நிலத் தகராறு. குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது, அவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தால் மட்டும் ஆயிற்றா? பக்கிரிசாமியின் அப்பா பெயரைப் பதியப் போனபோது மிராசுதார், "இவன் என் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு உழுத ஆள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வழக்கு தாசில்தாரிடம் கிடந்தது. வழக்கை விடாமல் நடத்த வேண்டுமானால் அந்த வீட்டில் ஒருவருக்காவது மிராசுதார் கைக்கு எட்டாத இடத்தில் சம்பளம் வேண்டும். இதை பக்கிரிசாமியே என்னிடம் சொன்னார். மறைக்கத் தெரியாத பிள்ளை.

அந்த மிராசுதார்தான் எங்கள் ஜில்லா சதுரங்கக் கழகத் தலைவர். ஆட்சி மாறியதும் கரை வேட்டி கட்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். துவக்க விழாவில் அரை மணி நேரம் சுயமரியாதை பற்றிப் பேசினார். "இந்த அறுபத்து நாலு கட்டத்துல ஆண்டான் அடிமை கிடையாது" என்று அவர் சொன்னபோது நானும் கை தட்டினேன். நன்றாகத்தான் பேசினார், பாவி.

ஆட்டம் தொடங்கியது. கிராண்ட்மாஸ்டர் ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தார். பக்கிரிசாமி கிங்ஸ் இந்தியன் ஆடினார். அந்தத் தொடக்கம் உங்களுக்குத் தெரியும்: நடுவில் இருக்கிற இடத்தையெல்லாம் வெள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சிப்பாயை ஓரடி நகர்த்தி, பிஷப்பை மூலையில் ஒளித்துவைத்து, ராஜாவைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, அப்புறம் அந்த நடு இடத்தையே இடிக்கிற ஆட்டம். நம் ஊர் நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஓரடிதான் வைக்கும். அதில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தொடக்கம் புத்தகம் படிக்காமலே கைக்கு வந்திருந்தது.

காலையில் டீ குடிக்கும்போது, அவ்வளவு இடத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கிறீர்களே, பயமாயில்லையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "நடு வயலை அவரு உழுதுக்கட்டும் சார். அறுப்பு நம்முது."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கல்லூரிக் கணக்கு வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அன்று வெளியே பந்தலில் வேலை. சுவரில் பெரிய பலகை மாட்டி, உள்ளே நடக்கிற ஆட்டத்தை அதில் நகர்த்திக் காட்டி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்ல வேண்டும். பந்தலில் நல்ல கூட்டம். பக்கிரிசாமியின் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சதுரங்கம் தெரியாது. நம்ம பையன் வெள்ளைக்காரனோடு மோதுகிறான், அது போதும் அவர்களுக்கு.

மத்தியானத்துக்கு மேல் ஆட்டம் திரும்பியது. கிராண்ட்மாஸ்டரின் நடு இடம் இடிந்தது. பக்கிரிசாமியின் சிப்பாய்கள் எதிராளி ராஜாவின் பக்கம் இறங்கின, குதிரை ஒன்றைக் கொடுத்து ராஜாவின் முன்னிருந்த காவலை உடைத்தார். கிராண்ட்மாஸ்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவர் காதுமடல் சிவந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பக்கிரிசாமிக்கு நேரம்தான் குறைவு. ஆனால் இன்னும் இரண்டே நகர்த்தல், அதோடு நாற்பது முடிந்துவிடும். ஜெயிக்க வழி இருந்தது. அது கண்ணில் படாவிட்டாலும் ராணியை வைத்துத் திரும்பத் திரும்பச் செக் சொல்லிக்கொண்டே இருந்தால் டிரா. அரைப் புள்ளி கையில் இருந்தது, வாயில் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் வெளியே பந்தலிலிருந்து ஒரு பெரிய சிரிப்பும் கைதட்டலும் கேட்டது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பிற்பாடு வாத்தியார்தான் சொன்னார். உற்சாகத்தில் அவர் ஒலிபெருக்கியில், "நடு வயலை அவரு உழுதுக்கட்டும், அறுப்பு நம்முதுன்னு நம்ம தம்பி காலையிலயே சொல்லிட்டாரு" என்று அறிவித்துவிட்டார். தரையில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். அப்போது பந்தலின் ஓரத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லையாம். வாத்தியாரிடம் வந்து, "நம்ம பயலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டாராம். "ரெண்டு நிமிஷத்துக்கு உள்ளதான் இருக்கும் ஐயா" என்று அந்த அப்பாவி மனுஷன் சொல்லியிருக்கிறார். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தார். அவருக்குச் சதுரங்கம் நன்றாகத் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பின்னால் நான்கைந்து பேர் வர அவர் உள்ளே நுழைந்ததும் தொண்டர்கள் எழுந்தார்கள். பார்வையாளர்கள் எழுந்தார்கள். மற்ற பலகைகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிலரும் எழுந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேராக முதல் பலகைக்கு வந்து, பக்கிரிசாமியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

செருப்புச் சத்தத்திலேயே பக்கிரிசாமிக்குத் தெரிந்துவிட்டது. விருட்டென்று எழுந்து திரும்பி அவரைப் பார்த்து நின்றார். வலது கை தோளுக்குப் போனது, துண்டை எடுத்து இடுப்பில் கட்ட. தோளில் துண்டு இல்லை. இன்றைக்கென்று இரவல் வாங்கிய பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை. கை வெறும் தோளைத் தடவிவிட்டுக் கீழே வந்தது.

பெரியவர் உட்காராமல் சின்னவன் உட்காரக் கூடாது. அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது. இது அந்த ஊர்ப் பக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி, ஆனால் எல்லா விதியையும்விடப் பழையது. தலைவர் உட்காரவில்லை. பலகை பக்கிரிசாமியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடி படுக்கையாகத் தூக்கி நின்றது.

என் கண் கொடி மேலேயே இருந்தது. கூரை இடிந்து விழுந்தாலும் சரி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் அல்லவா? கையை நீட்டிக் கடிகாரத்தை நிறுத்தினேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "ஏன் மாஸ்டர் நிறுத்திட்டீங்க?"

"இடைஞ்சல் ஆயிடுச்சுங்க ஐயா."

"என்ன இடைஞ்சல்?"

சொல்லிவிட்டேன்: "நேர நெருக்கடியில நீங்க உள்ள வந்ததுதாங்க. தயவுசெஞ்சு முன் வரிசையில உட்காருங்க. ஆட்டம் தொடரட்டும்."

"ஓகோ. நான் இடைஞ்சலா?" என்று சிரித்தார். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதற்குள் தலைமை நடுவர் வேகமாக வந்துவிட்டார். நடந்ததை அவர் காதில் சொன்னேன். தலைவரை ஒரு தரம் பார்த்தார், கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். ஆட்சேபம் உண்டா என்று கிராண்ட்மாஸ்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனுஷன் தோளைக் குலுக்கி, நடுவர் சொல்வதுதான் என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தோற்கிற ஆட்டத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

"அவரு ஏன் எழுந்தாரு?" என்று என் குருநாதர் என்னைக் கேட்டார்.

"சார், உங்களுக்குத் தெரியாததா?"

"யாராவது எழுந்திரிக்கச் சொன்னாங்களா?"

"சொல்லலை சார். ஆனா..."

"யாரும் சொல்லலை இல்ல? ஆட்டக்காரர் தானா எழுந்து நின்னா அது அவரு நேரம். அதுக்கு விதியில இடம் இல்லைய்யா." இதை எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். சொல்லிவிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

"தம்பி, உட்காருங்க! ஆடுங்க!" என்று நான் கத்தினேன். நடுவர் அப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன். பக்கிரிசாமி தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவர் நின்ற இடத்தைவிட்டு அசையாமல், தேன் ஒழுகச் சொன்னார்: "என்னை ஏம்ப்பா பாக்குற? ஆட்டத்தைப் பாரு."

உட்காரு என்று மட்டும் சொல்லவில்லை.

பக்கிரிசாமி பாதி திரும்பினார். கை ராணியின் பக்கம் போனது. கொடி விழுந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியாது, ஒரு நகம் ஒடிகிற அளவுதான் இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் பக்கிரிசாமியின் தோளில் தட்டி, "பரவால்லப்பா, நல்லாத்தான் ஆடுன" என்றார். அதன் பிறகு போய் முன் வரிசையில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். கிராண்ட்மாஸ்டர் காய்களைத் திரும்ப அடுக்கி, ராணியை எங்கே வைத்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று காட்டினார். பக்கிரிசாமி தலையாட்டினார். அது அவருக்கு முன்னாடியே தெரியும்.

வெளியே டீக்கடையில் அவரைப் பிடித்தேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "நான் எழுந்திரிக்கணும்னு எழுந்திரிக்கல சார். காலு எழுந்துருச்சு" என்றார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்கப்பா பந்தல்ல இருக்காரு. அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். வங்கி அதிகாரி எங்களைப் பார்க்காத மாதிரி காரில் ஏறிப் போனார்.

போட்டி முடிந்த அன்று என் குருநாதரை ரயில் ஏற்றிவிடப் போனேன். பிளாட்பாரத்தில் அவரே ஆரம்பித்தார்: "கோவமா? விதிக்கு நீ யாரு, உன் அப்பன் யாருன்னு தெரியாதுய்யா. அதுதான் விதியோட பெருமை."

"விதிக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்ல? கும்பகோணத்துல கரண்டு போனப்ப நிறுத்தினீங்களே, அவங்களை யாராவது இருட்டுல உட்காரச் சொன்னாங்களா?"

அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "இந்த ஜில்லாவுல இனிமே போட்டி நடக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். வண்டி கிளம்பிவிட்டது. அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஏராளம். அவரை இன்று வரை மன்னிக்கவும் இல்லை. இரண்டும் உண்மை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கிரிசாமியின் அப்பா அடுத்த சாகுபடிக்குள் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். வழக்கை இழுக்க வீட்டில் தெம்பில்லை. பக்கிரிசாமி கூத்தாநல்லூரில் ஆள் அனுப்பும் ஒருவரைப் பிடித்து வளைகுடாவுக்குப் போனார். அங்கே ஏதோ கிடங்கில் வேலை. சதுரங்கப் பலகையை அதன் பிறகு அவர் தொடவில்லை என்று கேள்வி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மாற்றல் உத்தரவு வந்தது, கடலோரத்தில் பஸ் போகாத ஊருக்கு. பெரிய போட்டிகளுக்கு என்னைக் கூப்பிடுவதும் நின்றது. கூப்பிட்ட சின்னப் போட்டிகளில் நான் ஒரு வேலையை விடாமல் செய்தேன். ஆட்டம் நடக்கும்போது எந்தச் சிறப்பு விருந்தினரும் உள்ளே வரக் கூடாது, வந்தால் கடிகாரங்களை நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த ஆட்டத்தை ஒரு சதுரங்கப் பத்திரிகை பிற்பாடு வெளியிட்டது. கிங்ஸ் இந்தியன் தொடக்கத்தைக் கறுப்பு மிக அழகாகக் கையாண்டதாக எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: வெற்றி நிலையில் இருந்த கறுப்பு, ஏனென்று விளங்காத வகையில், நேரத்தைத் தவறவிட்டார். அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையைச் சுவரில் எறிந்தேன். விளங்கவில்லையாம்.

இப்போது உங்கள் போட்டிக்கு வருகிறேன். நான்காவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது அரசியல் பிரமுகர் ஒருவர் பரிவாரத்தோடு உள்ளே வந்தார். நடுவர்களாக இருந்த நீங்கள் ஆறு பேரும் எழுந்தீர்கள். கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, உங்களில் ஒருவர்கூட எதையும் நிறுத்தவில்லை. ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஜன்னலோரப் பலகையில் ஒரு பெண் மட்டும் எழவில்லை. பதினாறு, பதினேழு வயது இருக்கும். கன்னத்தில் கை வைத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வந்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இத்தனை வருடம் கழித்து ஒரு பிள்ளையாவது உட்கார்ந்திருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

அப்போது உங்களில் ஒருவர், யாரென்று அவருக்கே தெரியும், அடையாள அட்டை ஆட, வேகமாக அவளிடம் போனார். தோளைத் தட்டினார். "எழுந்திரும்மா" என்றார். அவள் திடுக்கிட்டு எழுந்தாள். அவள் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது.

என் குருநாதரால், பாவம், அன்றைக்கு ஒன்றாவது சொல்லித் தப்பிக்க முடிந்தது. பக்கிரிசாமியை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை என்றார். உங்களால் அதுகூடச் சொல்ல முடியாது.